படகின் உட்புறத்துக்கு ஜெல்கோட் அடித்த அனுபவம்

என் ஃபைபர் படகின் உட்புறம் வெளிறிப்போய், கை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டியது. மிதிபடும் இடங்களில் நாரே தெரிந்தது. பெயின்ட்டை விட ஜெல்கோட்தான் (ஃபைபர் படகுக்கு மேல்பூச்சாக அடிக்கும் நிறம் கலந்த ரெசின்) அங்கே தாங்கும் என்று முடிவு செய்தேன்.

சாதாரண ஜெல்கோட்டின் மேல்பரப்பு காற்றுப் பட்டால் முழுசாக இறுகாது. புதுப் படகு செய்யும் அச்சுக்குள் அடிக்கும்போது இது நல்லதுதான்; அந்தப் பிசுபிசுப்பில்தான் அடுத்து வரும் ஃபைபர் பாய் நன்றாகப் பிடிக்கும். உட்புறத்தில் அதுவே தொல்லை. அதனால் கடைசிக் கோட்டில் மட்டும் ஸ்டைரீனில் (ரெசினிலேயே இருக்கும் ஒரு ரசாயனத் திரவம்) கரைத்த மெழுகைக் கலந்தேன். இறுகும்போது மெழுகு மேலே வந்து காற்றைத் தடுத்துவிடும். முதல் கோட்டில் கலக்கவே கூடாது, அதன்மேல் அடுத்தது ஒட்டாது.

முதலில் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். அப்புறம்தான் 80-ஆம் நம்பர் உப்புத்தாள். வரிசையை மாற்றினால் பிசுக்கு கீறலுக்குள் இறங்கிவிடும்.

ஜெல்கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அதை இறுக வைக்கும் ஹார்டனரை 2 சதவீதம் கலந்து, குட்டை ரோலரால் அடித்தேன். ஸ்டைரீன் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடியிலேயே தேங்கும். துணி மாஸ்க் இதற்கு உதவாது. ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடியைத் தயவுசெய்து போடுங்கள்.

மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடமே விழவில்லை. பின்னால் எதையாவது ஒட்டுவதானால் அந்த மெழுகுப் படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.