சுருட்டுக்காரரைக் கடைக்கு அழைக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணடியிலோ ராயபுரத்திலோ புகையிலைக் கடை வைத்திருப்பவர், உறையூர் பக்கமிருந்தோ திண்டுக்கல் பக்கமிருந்தோ ஒரு சுருட்டுத் தொழிலாளியை வரவழைத்து, பார்ப்பவர்கள் முன்னால் சுருட்டு சுற்றிக் காட்டச் சொன்னால் முதலில் கெடுவது இலையின் பதம்தான். ஊரில் அவர் கை அறிந்த காற்று வேறு, வட சென்னைக் காற்று வேறு. ஆங்கிலேயர் 'செரூட்' என்று சொல்வது நம் 'சுருட்டு' என்ற சொல்லைத்தான். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிப் பெயரோடு லண்டன் வரை போன சரக்கு இது. அப்பேர்ப்பட்ட கைவேலையை ஒரு மேசை விசிறி பத்து நிமிடத்தில் பாழாக்கிவிடும்.

விசிறியும் ஏசியும்

கூட்டம் வியர்க்குமே என்று தொழிலாளியின் தலைக்கு நேரே விசிறியைச் சுழல விடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சுருட்டின் வெளிப்புறம் சுற்றும் மேலிலை மிக மெல்லியது. ஈரம் போனதும் ஓரம் மொரமொரப்பாகி, இழுத்துச் சுற்றும்போது கிழியும். ஏசியும் அதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. விசிறி வேண்டுமானால் பார்ப்பவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள்.

பதம் பார்க்க எளிய வழி இருக்கிறது. இலையைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விடுங்கள். சத்தமில்லாமல் பழைய வேட்டித் துணிபோல மெள்ள விரிந்தால் சரி. சரசரத்தால் காய்ந்துவிட்டது. விரியாமல் உருண்டையாகவே நின்றால் நமுத்துவிட்டது. மேலிலைக்குக் கூடுதல் ஈரம் வேண்டும், உள்ளே வைக்கும் இலைக்குக் குறைவாக இருந்தால் போதும். இரண்டையும் ஒரே ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் உள்ளிலை ஊறிப்போய், சுருட்டு பற்றாமல் அணைந்து அணைந்து போகும். தனித்தனி மூட்டையாக, முந்தின இரவே வைத்துவிடுங்கள்.

ஆனி, ஆடியில் முற்பகல் முழுக்க மேற்குக் காற்று வறட்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பியதும் அதே இலை இளகும். அந்த மாதங்களில் மாலை 4 மணிக்கு மேல் உட்கார வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை தலைகீழ்: இலை தானாகவே ஈரத்தைக் குடிக்கும், தண்ணீர் தெளிக்கவே தேவையிருக்காது.

தெளிக்கும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதைத் தெளித்தால் காய்ந்த பிறகு மேலிலையில் வெள்ளைப் படலம் தெரியும். உப்பு ஈரத்தை இழுத்தும் வைத்துக்கொள்ளும். கேன் தண்ணீர் வாங்குங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் வாடை போகும்படி ஒரு இரவு திறந்த பாத்திரத்தில் வையுங்கள்.

வாசனை

புகையிலை எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, தரை துடைத்த பினாயில், பக்கத்து அலமாரியின் அத்தர், பாச்சை உருண்டை எல்லாமே ஈர இலையில் ஏறும், ஏறியது இறங்காது. காசிமேட்டுப் பக்கம் கருவாட்டுக் கடைக்கு அடுத்த கடையென்றால் வாசலில் உட்கார வைக்காமல் உள்ளறையில் இடம் ஒதுக்குங்கள்.

பலகையும் இலை அடுக்கும்

கண்ணாடி கவுண்டருக்குப் பின்னால் நிற்க வைத்துச் சுற்றச் சொல்வது இன்னொரு தவறு. தரையில் சம்மணமிட்டு, மடிக்கு முன்னால் பலகை போட்டுச் சுற்றிப் பழகியவருக்கு நின்றால் உள்ளங்கையின் அழுத்தம் மாறிவிடும். பாய், பலகை, பக்கவாட்டில் நல்ல வெளிச்சம், இவ்வளவும் போதும். மஞ்சள் பல்பின் கீழ் இலைகளின் நிறம் ஒன்றுபோலத் தெரியும், பகலில் பார்த்தால் ஒரே கட்டில் நாலு நிறம் இருக்கும்.

உதவிக்கு நிற்கும் பையன் அழகாக அடுக்குகிறேன் என்று மேலிலைப் பாதிகளைக் கலந்து வைத்துவிடுவான். நடு நரம்பை உருவி எடுத்தால் இலை இரண்டு பாதியாகும். ஒன்றில் கிளை நரம்புகள் இடப்பக்கம் சாயும், மற்றதில் வலப்பக்கம். ஒரு பாதியை ஒரு திசையிலும் அடுத்ததை எதிர்த்திசையிலும் சுற்றினால்தான் நரம்பு சுருட்டின் நீளவாக்கில் படியும். மாற்றிச் சுற்றினால் நரம்பு குறுக்கே ஓடி, புடைத்து, எரியும்போது கோணும். வழவழப்பான முகம் வெளியே, நரம்பு புடைத்த முகம் உள்ளே. அதனால் இடப்பாதிக்கு ஒரு அடுக்கு, வலப்பாதிக்கு ஒரு அடுக்கு. உருவும் நடு நரம்பிலேயே இலை எடையில் கால் பங்கு வரை போய்விடும், வாங்கும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

"நானும் ஒண்ணு சுத்திப் பாக்குறேண்ணே" என்று கேட்பவர் அநேகமாக உள்ளிலையை முறுக்கிவிடுவார். முறுக்கினால் புகை போக வழியில்லை. உள்ளிலைகளை விசிறி மடிப்பாக நீளவாக்கில் சேர்த்துப் பிடித்தால்தான் இடையிடையே காற்றுக்கு வழி கிடைக்கும். சுற்றி முடித்ததைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அமுக்கிப் பார்க்க வேண்டும். கட்டி தட்டினால் அங்கே அடைக்கும், பொக்கென்று இருந்தால் அங்கே சூடேறி எரியும்.

கூலியை எண்ணிக்கைக்குப் பேசாதீர்கள். விளக்கிக்கொண்டே சுற்றுபவரால் வழக்கமான எண்ணிக்கை தர முடியாது, எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அவசரம் கையில் தெரியும். நாள் கூலி, பஸ் செலவு, சாப்பாடு என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

சட்டம்

இங்கே தவறு செய்தால் வழக்கு வரும். 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டம் விளம்பரத்தையும் பயன்பாட்டை ஊக்குவிப்பதையும் தடை செய்கிறது. பேனர், துண்டறிக்கை, இலவசச் சுருட்டு, வாட்ஸ்அப் அழைப்பு எதுவும் வேண்டாம். சுற்றிக் காட்டுவதையே விளம்பரமாக அதிகாரி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரைக் கேட்பது அவசியம். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனையே கூடாது. 100 கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இதை அளந்து பார்க்காமல் விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பலகையில் சுற்றியதை அப்படியே கையில் கொடுத்து விற்பதும் குற்றம்: உறையில் 85 சதவீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். கடைக்குள் யாரும் பற்றவைக்கவும் கூடாது.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கிட்டே விடாதீர்கள். ஈரப் புகையிலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், தலைசுற்றலும் வாந்தியும் வரும். தொழிலாளிக்கும் சோறு சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ இடம் கொடுங்கள். புகையை உள்ளே இழுப்பதில்லையே, சுருட்டால் ஆபத்தில்லை என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். வாய்ப் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் சுருட்டாலும் வரும்.

மிச்சம்

ஆடிப் படையலுக்கு முனீஸ்வரனுக்கு வைக்க வேண்டும் என்று புதுச் சுருட்டைக் கேட்டு வருவார்கள். உறையில்லாமல் அவர்களுக்கும் கொடுக்க முடியாது. புதிதாகச் சுற்றியதைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பூக்கும். மரப்பெட்டியில் இரண்டு மூன்று வாரம் ஆற விடுங்கள்.

அவர் ஊருக்குக் கிளம்பிய இரவே தரையில் உதிர்ந்த இலைத்தூளைப் பெருக்கி வெளியே கொட்டிவிடுங்கள். 2, 3 மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புப் புகையிலை வண்டு அந்தத் தூளில் முட்டையிடும். சுருட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். மிளகாய், மல்லி, மஞ்சள் மூட்டைக்கும் அது தாவும், பக்கத்துக் கடை மளிகைக் கடையாக இருந்தால் அவருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.