உள்ளடக்கிய பள்ளிக்கு விருது: தேர்வுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக மாணவர் எவரும் விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் செயல்திட்டங்களை மாணவர்களே முன்னெடுத்து நடத்தும் பள்ளிகளுக்கு விருது வழங்க முன்வரும் குழுக்கள், பெரும்பாலும் முதல் தவறை விண்ணப்பப் படிவத்திலேயே செய்துவிடுகின்றன. வண்ணப் படங்களும் செய்தித்தாள் நறுக்குகளும் கேட்கப்படும்போது, கோப்பு தயாரிக்க ஆள் இருக்கும் பள்ளி முன்னே நிற்கிறது. இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளி விண்ணப்பிப்பதே இல்லை.

அடுத்த தவறு, கண்ணில் படுவதை மட்டும் கணக்கில் கொள்வது. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரிவுபடுத்தியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தலசீமியா, ஹீமோபிலியா என்னும் இரத்த நோய்கள் ஆகியவையும் அதில் அடங்கும். ஆயினும் பார்வையிட வருவோரின் கண் சக்கர நாற்காலியைத்தான் தேடுகிறது. எழுத்துக்கூட்டத் திணறும் தோழனுக்கு மதிய உணவுக்குப் பின் பாடத்தை வாசித்துக் காட்டும் நான்கு மாணவர்களின் வேலை படத்தில் விழாது என்பதால், அது செயல்திட்டமாகவே மதிக்கப்படுவதில்லை.

கண்ணில் படுவதையாவது சரியாகப் பார்க்கிறோமா என்றால், அதுவும் இல்லை. சாய்தளம் ‘உள்ளது’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். 1:12 என்பது ஏற்கப்பட்ட சாய்வு அளவு. அதாவது, ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். ஐந்தடியில் செங்குத்தாகக் கட்டப்பட்டதில் எந்தக் குழந்தையும் தானாக ஏற முடியாது. பிறர் தள்ளினாலும் ஆபத்துதான். கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதும் நல்லது. பூட்டிய கதவு பார்வையாளர் வரும் நாளில் மட்டும் திறக்கப்படுவது புதிதல்ல.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, குழந்தையைக் காட்சிப்பொருளாக்குவது. குறைபாடுள்ள மாணவியை மேடையேற்றி, அவர் நிலையை ஒலிபெருக்கியில் விவரித்து, ‘உதவிய’ மாணவர்களுக்குக் கைதட்டல் வாங்கித் தரும் நிகழ்ச்சி, அனைவரையும் இணைப்பதற்கு நேர் எதிரானது. திட்டத்தைத் தீட்டியதில் அந்த மாணவிக்குப் பங்கு இருந்ததா, அல்லது அவர் உதவி பெறுபவராக மட்டும் வைக்கப்பட்டாரா என்ற ஒரு கேள்விக்கே நான் மற்ற எல்லா மதிப்பெண்களையும்விட அதிக எடை தருவேன். அவரும் பெற்றோரும் மனமுவந்து சம்மதிக்காதபோது பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது.

தலைமையாசிரியரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவதும் போதாது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்; அந்தப் பெற்றோரை ஆசிரியர்கள் இல்லாத இடத்தில் அமர்த்திப் பேசினால், சேர்க்கை மறுக்கப்பட்ட குழந்தைகளையும் பாதியில் நின்றவர்களையும் பற்றிய செய்தி கிடைக்கும். சேர்க்கும்போதே வடிகட்டிவிட்டு, எஞ்சியவர்களிடையே ஒற்றுமையைக் கொண்டாடும் பள்ளிக்கு விருது போய்விடாமல் காக்க இதைவிட எளிய வழி இல்லை.

கேடயம் தலைமையாசிரியர் அறைக் கண்ணாடிப் பேழைக்குள் போய்விடுகிறது. அதற்கான செலவைத் திட்டத்தை அடுத்த ஆண்டும் நடத்தும் தொகையாக மாணவர் குழுவிடமே தரலாம். விழா மண்டபத்தை முன்பதிவு செய்வதற்கு முன், மின்தூக்கி இல்லாத மாடியில் அது இருக்கிறதா, மேடைக்குப் படிகள் மட்டுமே உள்ளனவா என்பதையும் தேர்வுக் குழுவே நேரில் சென்று பார்த்துவிட வேண்டும்.