பத்திரிகையில் கொம்பு இடம் மாறியது: என் அனுபவம்

தங்கை கல்யாணப் பத்திரிகை, 300 பிரதி. டைப்செட்டிங் செலவை மிச்சப்படுத்த வாசகத்தை யூனிகோடில் (போனிலும் கணினியிலும் இப்போது வழக்கமாக அடிக்கும் தமிழ்) நானே அடித்துக் கொடுத்தேன். ப்ரூஃபில் 'செல்வன்' உடைந்திருந்தது. கொம்பு (ெ) சகரத்துக்குப் பின்னால் நின்றது. 'தங்கள்' போன்ற சொற்கள் சரியாக இருந்ததால் முதலில் கண்ணில் படவே இல்லை. கெ, கே, கை, கொ வரிசைகளில் கோளாறு.

எழுத்துருவை மூன்று முறை மாற்றினேன், வேர்டு கோப்பு அனுப்பினேன். நான்கு நாள் வீண். அச்சகத்தின் பழைய மென்பொருளுக்கு யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியவில்லை.

கடைசியில் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கட்டளை கொடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். எழுத்து வெறும் கோட்டுருவம் ஆகிவிடுவதால் உடையவில்லை. அப்பாடா! அப்புறம் திருத்த முடியாது. அதனால் மாற்றும் முன்பே முகூர்த்த நேரம், இனிஷியல் சரிபார்த்துவிட்டு, கோட்டுருவமாக மாற்றாத கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.