கார்புரேட்டர் போன பிறகு பட்டறையை ஓட்டுவது எப்படி

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற வாகனப் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அன்றோடு புது டூவீலர்களில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் ஏறக்குறைய முடிந்துபோனது. நூறு சிசி பைக்கில்கூட எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். ஆனால் திண்டுக்கல் பக்கம் ரோட்டோரத்தில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அந்தத் தேதியில் எதுவும் மாறவில்லை. வாசலில் நின்றதெல்லாம் பழைய வண்டிகள். இலவச சர்வீஸும் வாரண்டியும் முடிகிறவரை புது வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போகும். நம்மிடம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். பி.எஸ். 5-ஐத் தாண்டி நேரே 6-க்குப் போகிறோம் என்று அரசு 2016-லேயே அறிவித்துவிட்டது. 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதும் 2019 ஏப்ரலுக்கு முன்பே தெரிந்த விஷயம். அதனால் புது விதி பற்றிச் செய்தி வந்தால் தேதியைப் பாருங்கள், அதோடு வாரண்டி காலத்தைக் கூட்டுங்கள். அதற்குள் கற்றுக்கொண்டால் போதும். பதற வேண்டியதில்லை, தூங்கவும் கூடாது.

சரி, எதை முதலில் கற்பது? அதை உங்கள் பட்டறையே சொல்லும். ஒரு நோட்டுப் போட்டு, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் மாடல், வருஷம், என்ன குறை, சரிசெய்தோமா திருப்பி அனுப்பினோமா என்று எழுதி வையுங்கள். திருப்பி அனுப்பிய வண்டிகளின் பட்டியல்தான் முக்கியம். சில மாதம் எழுதினால் எந்த வேலை கைநழுவிப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். யாரோ வாங்கினார்கள் என்று கடன் வாங்கி மெஷின் இறக்குவதற்கு முன் இந்த நோட்டைப் பாருங்கள்.

என் அனுபவத்தில், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வாங்குவதற்கு முன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிய வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கேனர் எந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும் காட்டும். அந்தச் சர்க்யூட்டில் எந்த இடம் என்று நாம்தான் தேட வேண்டும். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திருகியிருக்கிறது என்று சொல்லும் திராட்டில் பொசிஷன் சென்சாருக்குக் கோளாறு எண் (கோடு) வந்தால் உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் காசு போகிறது, குறை அப்படியே இருக்கிறது. பல நேரம் வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் உலோகப் பின் பச்சை பூத்திருக்கும், இல்லை எலி வயரைக் கடித்திருக்கும்.

அந்தச் சென்சாரைப் பார்க்கும் முறை இதுதான். பொதுவாக மூன்று வயர் இருக்கும்: ஒன்றில் ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அனுப்பும் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். வயரைக் குத்தாதீர்கள், ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு மீட்டரை வையுங்கள். சாவி ஆனில் இருக்கட்டும். 5 வோல்ட் வரவில்லை என்றால் குறை வயரில் அல்லது ஈ.சி.யூ. பக்கம். வந்தால், ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகிக்கொண்டே சிக்னலைப் பாருங்கள். வோல்ட் சீராக ஏற வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் விழுந்து எழுந்தால், வண்டி அந்த இடத்தில்தான் திணறும். அப்போது தைரியமாகச் சென்சாரை மாற்றச் சொல்லலாம்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முதலில் காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்பு இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? ஃப்யூஸ், ரிலே, வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார், கடைசியாகப் பம்பு என்ற வரிசையில் போங்கள். கேட்டால் ஸ்பார்க், அப்புறம் இன்ஜெக்டர். இதற்கெல்லாம் முன்னால் பேட்டரி. முன்பு பேட்டரி செத்தாலும் கிக் அடித்துக் கிளப்பிவிடுவோம். இப்போது பம்பும் ஈ.சி.யூ.வும் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே போனால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

சில பழைய பழக்கங்களை விட்டே ஆக வேண்டும். பல்ப் டெஸ்டரை ஈ.சி.யூ. வயரில் வைக்கக் கூடாது; பல்ப் இழுக்கும் கரன்டை அது தாங்காது. ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீரை கப்ளர்கள் மேல் பாய்ச்சாதீர்கள்.

நீளமாகவும் குட்டையாகவும் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டிக் கோளாறு கோடு சொல்கிற வண்டிகள் பல உண்டு. அவற்றுக்கு ஸ்கேனர் இல்லாமலே பாதி வேலை முடியும். 2023 ஏப்ரலில் பி.எஸ். 6 இரண்டாம் கட்டம் வந்த பிறகு தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதியும் ஓ.பி.டி. 2 வண்டிகள் பெருகிவிட்டன. அவை நோட்டில் அடிக்கடி தென்பட ஆரம்பித்தால் ஸ்கேனர் வாங்குங்கள். உங்கள் ஊரில் அதிகம் ஓடும் கம்பெனிகளை அது படிக்கிறதா என்று கடையிலேயே வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். முத்ரா கடனில் ஷிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். சின்னப் பட்டறைக்கு அதுவே தாராளம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது அதில் 20 சதவீதம் வரை எத்தனால். தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்பு அடியிலிருந்துதான் உறிஞ்சும். மழைக்காலத்தில் 'நேற்று நன்றாக ஓடியது' என்று வரும் வண்டியில் முதலில் ஒரு பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து வைத்து, அடியில் தனியாகப் பிரிகிறதா என்று பாருங்கள்.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். ஒரு மணி நேரம் மீட்டர் வைத்து, கடைசியில் எர்த் வயரை ஒட்டினால், "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள். வேலை தொடங்கும் முன்பே பார்க்கும் கூலி இவ்வளவு, ரிப்பேர் கூலி தனி என்று சொல்லிவிடுங்கள். கழற்றிய ஒயரையும் காட்டுங்கள். மூளை உழைப்புக்குக் காசு வாங்கத் தயங்கினால் பட்டறையில் பையன்கள் தங்க மாட்டார்கள். புது வேலை வந்துவிட்டது என்பதற்காகக் கார்புரேட்டர் ஜெட், ஊசியையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள். பழைய வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடும், டியூனிங் தெரிந்தவர்கள் குறையக் குறைய உங்களைத் தேடித்தான் வருவார்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைக் கண்டு ஒதுங்க வேண்டாம். டயர், பிரேக், பேரிங், ஷாக், லைட் எல்லாம் நமக்குத் தெரிந்த வேலை. 'வண்டி நகரவே இல்லை' என்று தள்ளிக்கொண்டு வந்தால் பின்னால் பிரேக் லைட் எரிந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். எரிந்தால் பிரேக் லீவர் சுவிட்ச் சிக்கியிருக்கிறது. பிரேக் பிடித்திருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கரன்டை நிறுத்திவிடும். அடுத்து சைடு ஸ்டாண்டு சுவிட்ச். மோட்டாரையோ பேட்டரியையோ மாற்றச் சொல்லும் முன் இந்த இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

பேட்டரிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 48, 60, 72 வோல்ட் என்று இருக்கும் பேட்டரியில் ஸ்பேனர் தவறி விழுந்தால் கை வெந்துபோகும். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள். உப்பிய பேட்டரியோ தண்ணீரில் மூழ்கிய பேட்டரியோ வந்தால் கம்பெனிக்கே அனுப்புங்கள். ராத்திரி பட்டறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.

பையன்களைப் படிக்க அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. மின் வாகனப் பயிற்சியும் அங்கே உண்டு. பட்டறையில் அவர்களுக்கு முதல் பாடமாக வயரிங் படம் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். அதிகம் வரும் மாடல் ஒன்றின் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து, எண்ணெய்க் கை பட்டாலும் அழியாதபடி லேமினேட் செய்து, வெளிச்சம் விழும் சுவரில் மாட்டுங்கள்.