உணர்ச்சி நியூரானின் செல் உடலம் எங்கே இருக்கிறது? வரைந்தே பார்த்துவிடலாம்

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். செல் உடலம் என்பது நியூரானில், அதாவது நரம்பு செல்லில், உட்கரு இருக்கும் பகுதி. அது எங்கே என்று மனப்பாடம் செய்தால் தேர்வு நேரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் மாறிப்போகும், கையால் ஒருமுறை வரைந்தால் மறக்கவே மறக்காது.

படி 1: பெரிதாக ஒரு வட்டம் போடுங்கள். இது குறுக்கே வெட்டிய தண்டுவடம் (நிஜத்தில் சுண்டுவிரல் பருமன்தான்). உள்ளே பட்டாம்பூச்சி மாதிரி சாம்பல் நிறப் பகுதி. வட்டத்துக்கு மேலே 'முதுகு', கீழே 'வயிறு' என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

படி 2: வலப்பக்க மேல் இறக்கையிலிருந்து ஒரு கோடு, கீழ் இறக்கையிலிருந்து ஒரு கோடு, இரண்டும் வெளியே போய் ஒன்றாகச் சேரட்டும். மேலே உள்ளது முதுகுப்புற வேர், கீழே உள்ளது வயிற்றுப்புற வேர், சேர்ந்த பிறகு தண்டுவட நரம்பு. நமக்கு இப்படி 31 ஜோடி.

படி 3: மேல் கோட்டில், சேருமிடத்துக்குச் சற்று முன்னால், நூலில் முடிச்சு விழுந்ததுபோல ஒரு வீக்கம் வரையுங்கள். நாம் தேடிய இடம் இதுதான்! தொடுதல், வலி, சூடு என்று உடம்பிலிருந்து செய்தி கொண்டுவரும் நியூரான்களின் செல் உடலங்கள் இந்த நரம்பு முடிச்சுக்குள் இருக்கின்றன, தண்டுவடத்துக்கு வெளியே. பலர் மேல் இறக்கைக்குள் புள்ளி வைத்துவிடுகிறார்கள். அங்கே இருப்பவை செய்தியை வாங்கிக்கொள்ளும் அடுத்த நியூரான்கள். தசையை அசைக்கும் இயக்க நியூரானின் செல் உடலம் மட்டும் கீழ் இறக்கைக்குள்ளேயே இருக்கும்.

படி 4: முடிச்சுக்குள் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு காம்பு கிளம்பி இரண்டாகப் பிரியும், ஒரு கிளை தோலுக்கு, மற்றது தண்டுவடத்துக்கு. கால் கட்டைவிரல் ஈர மணலைத் தொடுகிறது என்று வையுங்கள்: அந்தத் தொடுதலைச் சொல்லும் நியூரானின் செல் உடலம் கீழ்முதுகில், ஒரு நுனி விரலில், மறு நுனி தண்டுவடம் வழியே ஏறி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில். ஒரே செல், ஒன்றரை மீட்டர் நீளம்! எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான்.

இந்த முடிச்சு எனக்கு உண்மையில் புரிந்தது பாட்டிக்கு அக்கி வந்தபோது. முதுகெலும்பு ஓரத்தில் தொடங்கி விலாவைச் சுற்றி வந்த கொப்புளங்கள், நெஞ்சின் நடுவில் ஸ்கேல் வைத்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டன, மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. சின்ன வயதில் சின்னம்மை தந்த அதே வைரஸ் பல வருடம் ஒரு முடிச்சுக்குள் அடங்கிக் கிடந்து, விழித்ததும் அந்த நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் ஒரு பக்கம், ஒரு பட்டை.

படி 5: முகத்துக்குத் தண்டுவடம் வேலை செய்யாது. 5-ஆம் மூளை நரம்புக்கு மண்டையோட்டுக்குள், காதுக்கு முன்பக்கமாக, தனி முடிச்சு உண்டு. தாடைத் தசை எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும் நியூரான்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றின் செல் உடலங்கள் மூளைத்தண்டுக்குள்ளேயே இருக்கின்றன. இதைப் படத்தின் ஓரத்தில் சின்னதாகக் குறித்துவையுங்கள்.