‘கஅவா’ என்ற சொல்லின் வேரைத் தேடும் முறை

லடினோ மொழியில் பெருமையைக் குறிக்கும் ‘கஅவா’வின் வேரைக் காண, முதலில் அம்மொழி பேசியவர்களின் வரலாற்றை அறிந்துகொள்ளுங்கள். 1492-இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டு, உதுமானியப் பேரரசில் பெருமளவில் குடியேறிய யூதர்கள், பழைய ஸ்பானிய மொழியோடு எபிரேயச் சொற்களையும் கலந்து பேசினார்கள். ஆகவே இச்சொல்லுக்கு எபிரேய அகராதியைத்தான் திறக்க வேண்டும்.

அடுத்து, வேர்வினை கண்முன் காட்டும் பொருளைப் பிடியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுவே. எபிரேயத்தில் ‘கஆ’ என்றால் உயர்தல், பொங்குதல். எபிரேய வேதாகமத்தின் எசேக்கியேல் நூல் 47:5-இல், கடக்க முடியாதபடி பெருகிய ஆற்று நீருக்கு இவ்வினையே வருகிறது. அந்தப் பெருக்கம் மனத்துக்கு ஆகிவந்தபோது செருக்காயிற்று.

பிறகு நம் பேச்சோடு வைத்துப் பாருங்கள். வடசென்னையில் ‘செம கெத்து’ என்றால் பாராட்டு. ‘ரொம்ப கெத்து காட்டாத’ என்றால் கண்டிப்பு. பெருமையா ஆணவமா என்பதைச் சூழல் பார்த்தே ‘கஅவா’வுக்கும் முடிவு செய்யுங்கள்.

சென்னை மண்ணடியின் பவளக்காரத் தெரு, ஐபீரிய வழிவந்த யூதர்களின் பவள வணிகத்தை நினைவூட்டுகிறது. ஆனால் அவ்வணிகர்கள் போர்த்துகீசிய வழியினர்; லடினோச் சொல் அவர்கள் வழியாகச் சென்னைக்கு வந்தது என்பதற்கு அது சான்றாகாது. முதலெழுத்து ஒத்திருப்பதை மட்டும் நம்பி, கெத்துக்கும் கஅவாவுக்கும் உறவு கற்பிக்காதீர்கள்.