ஹோய்ட் வில்ஹெல்மின் நக்கிள்பால்: பிடிப்பதும் விடுவதும்

1952-ல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்காக, அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கில் பந்துவீச்சாளராக இறங்கியபோது ஹோய்ட் வில்ஹெல்முக்கு வயது 29. 49 வயது வரை, 1,070 ஆட்டங்களில் பந்து வீசினார். வேகத்தை மட்டும் நம்பிய தோள் அத்தனை காலம் தாங்குவது அபூர்வம். அவரைத் தாங்கியது நக்கிள்பால் எனும், மெதுவாகத் தடுமாறி வரும் பந்து. அதில் கற்க வேண்டியது ஒன்றுதான்: பந்தைச் சுழலவிடாமல் அனுப்புவது.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் லாட வடிவத் தையலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றுங்கள். நகம் தோலில் பதிய வேண்டும். கட்டைவிரல் அடியில், மோதிர விரல் பக்கத்தில். உள்ளங்கை பந்தைத் தொடவே கூடாது. நகம் சதையைவிட மயிரிழை நீண்டிருந்தால் போதும், அதிகம் வளர்ந்தால் உடையும். இரு நகங்களையும் ஒரே அளவில் ராவி வையுங்கள். ஒன்று குட்டையானால் அழுத்தம் ஒரு பக்கம் கூடி, பந்து பக்கவாட்டில் சுழலும்.

வீசும்போது மணிக்கட்டு விறைப்பாகவே இருக்கட்டும். ஃபாஸ்ட்பால் எனும் வேகப் பந்துக்குக் கடைசியில் ஒரு சொடுக்குச் சொடுக்குவோமே, இங்கே அதுதான் எதிரி. இரு விரல்களும் ஒரே கணத்தில் பந்தைத் தள்ளிவிட வேண்டும். வீசுமிடத்திலிருந்து பேட்டர் நிற்கும் தட்டு வரையிலான 60 அடி 6 அங்குலத் தூரத்தில் அது ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோதான் சுற்றலாம். அப்போதுதான் தையல் மெல்ல இடம் மாற மாற, காற்று பந்தை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் ஒதுக்கும். வேகமாகச் சுழன்றுவிட்டால் மிஞ்சுவது மெதுவாக, நேராக வரும் பந்து. எந்த பேட்டரும் அதை விட்டுவைக்க மாட்டார்.

பழக, பந்தைச் சுற்றி மையால் ஒரு கோடு போட்டு, 10 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் வீசுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் சரி. மேலும் கீழுமாக உருண்டால் மணிக்கட்டு மடங்குகிறது. பக்கவாட்டில் திரும்பினால் ஒரு விரல் முந்திக்கொள்கிறது.

பந்து போய்ச்சேர வேண்டிய ஸ்ட்ரைக் பகுதியின் மூலைகளைக் குறிவைக்காதீர்கள். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க இருக்கும் கேட்சரின் முகமூடியைப் பார்த்து வீசினால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் நல்லது.

கேட்சரின் பாடுதான் திண்டாட்டம். 1954-ல் ஜெயன்ட்ஸின் ரே கேட், வில்ஹெல்மின் பந்துகளை ஒரே இன்னிங்ஸில் நான்கு முறை தவறவிட்டார். 1960-ல், அப்போது வில்ஹெல்ம் ஆடிய பால்டிமோர் அணியின் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ் இதற்கென்றே ஒரு பெரிய கையுறை செய்ய வைத்தார். எந்தக் கையுறையானாலும் கேட்சர் கையை நீட்டிப் பிடிக்கப் போகக் கூடாது. பந்து உடம்பருகே வரும்வரை பொறுக்க வேண்டும்.